கட்டட வேலை தொடங்கும் முன் செடிகளுக்கு வேலி

வீட்டை ஒட்டி ஓர் அறை எடுப்பது, மதில் எழுப்புவது, பழைய சுவரைக் கொத்திப் பூசுவது என எந்த வேலையானாலும், தோட்டத்தைப் பற்றிய பேச்சு "செடி மேல எதுவும் போட்டுறாதீங்க" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரி போதாது. முறிந்த கிளையும் சிமெண்ட் படிந்த இலையும் கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலும் தேறியும் விடும். பல ஆண்டுகள் வளர்ந்து நின்ற மரத்தையும் புதரையும் சாகடிப்பது தரைக்குக் கீழே, முதல் அரை மீட்டருக்குள் நடக்கும் சேதம்தான்.

பெரிய மரத்துக்குக்கூட வேர்களில் பெரும்பங்கு மேல் 60 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கிறது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லி வேர்கள் அதிலும் மேலே, 15 முதல் 30 செ.மீ. வரைதான். பக்கவாட்டிலோ அவை கிளைகளின் குடையைத் தாண்டி வெகுதூரம் ஓடும். ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும், மேலே என்ன நடந்தாலும் மரம் தாங்கும் என்ற நம்பிக்கையால் போன மரங்கள் ஏராளம்.

நல்ல தோட்ட மண்ணின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அந்த இடைவெளிகளில்தான் காற்றும் நீரும் இருக்கின்றன. வேர் மூச்சு விடுவதும் அங்கேதான். கனமான வண்டி ஏறினால் பெரிய இடைவெளிகள் முதலில் நசுங்கும். இதில் பலருக்குத் தெரியாதது, மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில தடவைகளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. "ரெண்டே நடைதான் சார், வண்டி வந்துட்டுப் போயிடும்" என்பதில் ஆறுதல் ஒன்றுமில்லை. மண் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். மழை பெய்த மறுநாள் களிமண் தரையில் ஒரு டிராக்டர் ஏறிய தடம், ஆண்டுக்கணக்கில் நீர் இறங்காத பட்டையாக நிற்கும். நிறுத்தி வைத்த பாரமும் அப்படியே: ஒரு கன மீட்டர் மணல் சுமார் 1.6 டன், ஆயிரம் செங்கல் ஏறக்குறைய 3 டன். மரத்தடியில் நிழலாக இருக்கிறதே என்று இவற்றை இறக்கும் இடம் நேராகச் சல்லி வேரின் தலைமேல்.

இந்தச் சேதம் உடனே காட்டிக்கொடுக்காது. அடிமரத்தில் சேமித்து வைத்திருக்கும் சத்தை வைத்து மரம் ஓரிரு ஆண்டுகள் சமாளிக்கும். பிறகு நுனிக் கிளைகள் காயும், இலை சிறுக்கும், பூச்சி ஏறும். வேலை முடிந்து 3 முதல் 7 ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போகும் மரத்துக்கு யாரும் கட்டட வேலையைக் காரணம் சொல்வதில்லை.

எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்

கட்டுமானத்தை ஒட்டிய மரங்களுக்கான பிரிட்டன் தரநிலை பி.எஸ். 5837 (2012) ஓர் எளிய கணக்குத் தருகிறது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்கினால் வருவது பாதுகாக்க வேண்டிய வட்டத்தின் ஆரம். அதிகபட்சம் 15 மீட்டர். விட்டத்தை நேராக அளப்பது சிரமம். தையல் டேப்பால் சுற்றளவை எடுத்து 4-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அதே விடை கிடைக்கும். சுற்றளவு 90 செ.மீ. என்றால் மரத்தைச் சுற்றி மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக எல்லாப் பக்கமும் ஒதுக்க வேண்டும். செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை போன்ற புதர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கிளை விரிந்திருக்கும் எல்லைக்கு வெளியே இன்னும் அரை மீட்டர் விட்டால் நல்லது.

சிறிய மனையில் இவ்வளவு இடம் பெரும்பாலும் கிடைக்காது. அப்போது வட்டத்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சுருக்காமல், வேலை நடக்கும் பக்கம் மட்டும் விட்டுக்கொடுத்து மற்ற மூன்று பக்கமும் முழுதாகக் காப்பது மேல். வேர்ப்பரப்பில் கால்வாசிக்கு மேல் போகும் என்றால், அஸ்திவார வரைபடத்தை மாற்ற முடியுமா என்று பொறியாளரிடம் முதலிலேயே பேசுங்கள். தொடர் அஸ்திவாரத்துக்குப் பதில் தனித்தனித் தூண் குழிகளும் தரைமட்டத்துக்கு மேலே ஓடும் பீமும் வைத்தால் பெரிய வேர்களைத் தாண்டிச் செல்லலாம்.

வேலி அசையாததாக இருக்க வேண்டும். ரிப்பன் கட்டினால் இரண்டாம் நாளே அறுந்து கிடக்கும். 2 மீட்டருக்கு ஒரு சவுக்குக் கம்பை 50 செ.மீ. ஆழத்தில் நட்டு, குறுக்கே இரண்டு வரிசைச் சட்டம் அடித்து, 1.2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கம்பி வலையோ தகரமோ கட்டுங்கள். கம்பு நடும் குழியில் தடித்த வேர் தட்டுப்பட்டால் குழியைத் தள்ளிப் போடுங்கள். முதல் லோடு மணல் வருவதற்கு முன்பே வேலி நின்றுவிட வேண்டும். மணல் இறங்கிய பிறகு போடும் வேலி மணலைச் சுற்றித்தான் வரும், மரத்தைச் சுற்றி வராது.

மேஸ்திரியிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், ஒப்பந்தத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது என்னைப் பொறுத்தவரை கட்டாயம். மணல், ஜல்லி, செங்கல் இறங்கும் இடம், கலவை போடும் இடம், கருவி கழுவும் இடம், ஆள் நடக்கும் வழி, இந்த நான்கையும் ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து அதனுடன் இணைத்துவிடுங்கள். வேலை செய்யும் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி அந்தப் படத்தை வேலியிலேயே மாட்டுங்கள். ஒவ்வொரு செடியையும் நான்கு பக்கமும் படமெடுத்துத் தேதியோடு வைத்திருங்கள்.

வேர்மேல் நடந்தே ஆக வேண்டும் என்றால்

வட்டத்துக்குள் வழி விட்டே ஆக வேண்டிய இடங்கள் இருக்கும். அங்கே தரையைச் சமப்படுத்தாமல், புல்லைச் செதுக்காமல், முதலில் நீர் ஊடுருவும் நெய்த விரிப்பு ஒன்றைப் போடுங்கள். ஜியோடெக்ஸ்டைல் என்று கேட்டால் கிடைக்கும். அதன்மேல் மரச்சில்லு. ஆட்கள் மட்டும் நடக்க 10 செ.மீ., தள்ளுவண்டியும் 2 டன்னுக்கு உட்பட்ட சிறு இயந்திரமும் போக 15 செ.மீ. அதற்கு மேல் ஒன்றோடொன்று பிணைத்த பலகை. பலகை இல்லாமல் சில்லு மட்டும் போட்டால் ஒரு வாரத்தில் சக்கரம் பள்ளம் பறித்துவிடும். 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள வழிக்கு 15 செ.மீ. உயரத்தில் சில்லு பரப்ப ஏறக்குறைய 0.9 கன மீட்டர் வேண்டும். லாரி, பொக்லைன், கான்கிரீட் வண்டி ஆகியவற்றுக்கு இந்த ஏற்பாடு தாங்காது. அவை வட்டத்துக்குள் வரக்கூடாது. விரிப்பைத் தவிர்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் வேலை முடிந்து சில்லை அள்ளும்போது மேல்மண்ணும் சல்லி வேரும் சேர்ந்து வரும்.

வண்டி போகும் பாதையை ஒட்டிய அடிமரத்துக்கு உறை தேவை. தேங்காய் நார்க் கயிற்றையோ பழைய சாக்கையோ மரத்தைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் 2 மீட்டர் உயரத்துக்குப் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்திக் கயிற்றால் இறுக்குங்கள். பலகை பட்டையைத் தொடாமல், நடுவில் சாக்குதான் இருக்க வேண்டும். ஆணி கூடாது. பலகையின் அடிமுனை வேர்மேல் ஊன்றியிருக்கக் கூடாது. சாரம் கட்டுவோர் குறுக்குக் கம்பை மரக்கிளையில் சேர்த்துக் கட்டுவதும் வழக்கம். அதை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். இடிக்கும் கிளையை நாமே முன்னதாகக் கவாத்து செய்வது, பொக்லைன் கை கிழிப்பதைவிட எவ்வளவோ மேல்.

பனை, தென்னை, பாக்கு இவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். மற்ற மரங்களுக்குப் பட்டைக்குக் கீழே வளரும் திசு இருப்பதால் காயம் ஓரத்திலிருந்து மூடிவரும். பனையினங்களுக்கு அது கிடையாது. தண்டில் விழுந்த வெட்டு கடைசிவரை திறந்தே இருக்கும். வளரும் குருத்தும் ஒன்றே ஒன்று. கிரேனின் கொக்கி குருத்தில் இடித்தால் மரமே போயிற்று. வேர் விஷயத்தில் நிலைமை வேறு: தடித்த கிளைவேர்கள் இல்லாமல் தூரிலிருந்து புது வேர்கள் வந்துகொண்டே இருக்கும். தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் சுமார் பாதி மீண்டும் கிளைவிடும். எனவே தென்னைக்குப் பக்கத்தில் கவனமாகத் தோண்டலாம். தண்டையும் தலையையும் தொடவிடக் கூடாது.

தரைமட்டத்தை மாற்றுவதும் பள்ளம் தோண்டுவதைப் போலவே கொல்லும். தோண்டிய மண்ணை வெளியே அள்ளும் செலவை மிச்சப்படுத்த மரத்தடியில் பரப்பிவிடுவார்கள். 15 செ.மீ. களிமண் விழுந்தாலே கீழே உள்ள வேருக்குக் காற்று குறையும். அடிமரத்தை மூடினால் பட்டை அழுகும். 15 செ.மீ. செதுக்கினால் உறிஞ்சும் வேரில் பெரும்பகுதி போய்விடும். மண் குவியலை ஒருநாள் மட்டும் வைக்கிறோம் என்றாலும் தார்ப்பாய் விரித்து, வட்டத்துக்கு வெளியே.

குழாய், கேபிள், மதில் அஸ்திவாரம் என்று பள்ளம் எடுத்தே ஆக வேண்டியிருந்தால், இயந்திரத்தை விட்டுவிட்டுக் கையால் தோண்டச் சொல்லுங்கள். பொக்லைன் வேரை வெட்டுவதில்லை, இழுத்துக் கிழிக்கிறது. பிளவு பள்ளத்திலிருந்து மரத்தை நோக்கி ஓடும். இயந்திரம் தவிர்க்க முடியாததானால், அதற்கு முந்தின நாட்களில் பள்ளத்தின் எல்லைக்கோட்டில் மண்வெட்டியால் குறுகிய சால் எடுத்து வேர்களைக் கையாலேயே நறுக்கி வைத்துவிடுங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைந்த வேரைக் கூரிய கவாத்துக் கத்தரியாலோ ரம்பத்தாலோ நேராக வெட்டலாம். அதைவிடத் தடித்ததை விட்டுவைத்து, அதன் கீழே குடைந்து குழாயை நுழைக்க வேண்டும். அடிமர விட்டத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் இருப்பவை மரத்தைத் தாங்கி நிறுத்தும் வேர்கள். அவற்றை வெட்டினால் செடி வாடுவது ஒரு பக்கம், அடுத்த காற்றில் மரம் கட்டடத்தின் மேலேயே சாயும் அபாயம் இன்னொரு பக்கம்.

வெட்டிய முனையில் தாரோ பெயிண்டோ பூச வேண்டாம், பயனில்லை. வெளியே தெரியும் வேரை உடனே ஈரச்சாக்கால் மூடி, சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டு, முடிந்தால் அன்றே மண் நிரப்புங்கள். நேர் வெயிலில் சல்லி வேர் சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். அஸ்திவாரக் குழியில் கான்கிரீட் ஊற்றும் முன், வேர் வெட்டுப்பட்ட மண்சுவரில் தடித்த பிளாஸ்டிக் தாளைப் படரவிட்டால் சிமெண்ட் நீர் வேர் பக்கம் கசியாது.

சிமெண்ட் நீர், கியூரிங் தண்ணீர், கரையான் மருந்து

ஈரச் சிமெண்டின் கார அமில நிலை (pH) 12-க்கும் 13-க்கும் இடையில். செடிகள் விரும்புவது பெரும்பாலும் 6-க்கும் 7-க்கும் இடையில். இட்லிப்பூ போன்றவை இன்னும் கொஞ்சம் அமிலமான மண்ணைக் கேட்பவை. சட்டியும் கரண்டியும் கழுவிய நீர் தினமும் ஒரே பாத்தியில் போய் விழுந்தால் மண் காரமாகி, இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாமல் போகும். இளந்தளிர் வெளிறி மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் அடையாளம். கருவி கழுவ வட்டத்துக்கு வெளியே, தாழ்வான பக்கத்தில் ஒரு மீட்டர் சதுரம், அரை மீட்டர் ஆழத்தில் குழியெடுத்துப் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். நீர் வற்றியபின் இறுகிய கட்டியைத் தாளோடு தூக்கி இடிபாட்டுக் குப்பையில் போட்டுவிடலாம்.

கலவை கழுவும் நீரைப் பற்றி யோசிப்பவர்கள்கூட கியூரிங் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். புதுச் சுவருக்கும் தளத்துக்கும் ஒரு வாரமோ அதற்கு மேலோ நாள்தோறும் அடிக்கும் நீர், சுவரடிப் பாத்தியில்தான் வடியும். செடிக்கு இரண்டு அடி ஒரே சமயத்தில்: காரமும் ஏறுகிறது, வேரும் நீரில் மூழ்கி நிற்கிறது. சுவரடியில் சிறு வாய்க்கால் வெட்டி வேறு பக்கம் திருப்புங்கள், அல்லது பாத்தியின்மேல் சரிவாகத் தார்ப்பாய் கட்டி நீரை அப்பால் விழவையுங்கள். போர்வெல் போடும்போது வரும் பாறைத்தூள் சேறும் பாத்திக்குள் போகக் கூடாது. மாவு போன்ற அந்தத் துகள் மண்ணின் துளைகளை அடைத்துக் காய்ந்ததும் ஓடு போல இறுகும்.

அஸ்திவாரத்தைச் சுற்றி ஊற்றும் கரையான் மருந்தின் பெயரை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இமிடாகுளோப்ரிட் வகை மருந்தை வேர் உறிஞ்சி இலைக்கும் பூவுக்கும் அனுப்பிவிடும். தேனீக்கு அது நஞ்சு. கறிவேப்பிலை, கீரை, முருங்கை போல் பறித்துச் சாப்பிடும் எதுவும் சுவரை ஒட்டி இருந்தால், மருந்து ஊற்றும் முன்பே அதை இடம் மாற்றுவதுதான் சரி.

இடம் மாற்றும் செடிக்கு அவகாசம் தேவை. தண்டின் விட்டத்தைப் போல் 10 முதல் 12 மடங்கு அகலத்துக்கு வேரைப் பிடித்திருக்கும் தாய்மண் கூடவே வர வேண்டும், 3 செ.மீ. தண்டுக்கு 30 முதல் 36 செ.மீ. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே அந்த வட்டத்தில் பாதியை மட்டும் மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டி விட்டு, பாதி அவகாசம் கழிந்ததும் மீதியை வெட்டுங்கள். வெட்டுமுனையில் புதுச் சல்லி வேர் வரும், பெயர்க்கும்போது அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் நன்றாக நீர் விட்டு, மாலையில் பெயர்த்து, ஈரச்சாக்கில் கட்டி, முன்பிருந்த அதே ஆழத்தில் நட்டு, இரண்டு மூன்று வாரம் 50 சதவீத நிழல்வலையின் கீழ் வைத்திருங்கள்.

சுவரில் ஏறிய கொடிகளில் மல்லிகை, முல்லை போன்றவற்றை அவிழ்த்து, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மூங்கில் சட்டத்தில் படுக்கவைக்கலாம். காகிதப்பூவை 60 முதல் 90 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட்டால் துளிர்த்துக்கொள்ளும். பற்றுவேரால் சுவரில் ஒட்டும் அத்திக்கொடி போன்றவற்றை உரித்தெடுத்துப் பத்திரப்படுத்துவது வீண். பிரிந்த பழைய தண்டு திரும்ப ஒட்டாது. அடியில் ஒரு முழம் விட்டு வெட்டுங்கள், புதுத் தளிர் ஏறும்.

தூசிக்குப் பயந்து செடியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வெயிலில் உள்ளே வெந்துவிடும். வேலை நடக்கும் பக்கம் 2 மீட்டர் உயரத்துக்கு நிழல்வலைத் திரை கட்டுங்கள். டைல்ஸ் அறுக்கும் நாள், சுவர் கொத்தும் நாள், பெயிண்ட் தெளிக்கும் நாள் மட்டும் சட்டத்தின்மேல் பருத்தித் துணி போர்த்தி, மாலையில் எடுத்துவிடுங்கள். இலையில் விழுந்த சிமெண்ட் தூசியை அன்றன்றே கழுவ வேண்டும். இரவுப் பனி பட்டால் மேல்தோலாக ஒட்டிக்கொள்ளும். கழுவும் நீர் தூரில் இறங்காதபடி அடியில் ஒரு தாள் விரித்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். தூசி படிந்த செடியில் செம்பேன் பெருகும். அதைத் தின்னும் பூச்சிகள் தூசியில் நடமாடச் சிரமப்படுவதும் அதற்கு ஒரு காரணம்.

வேலை நடக்கும் மாதங்களில் வேலிக்குள் நீர் பாய்ச்சுவது விட்டுப்போகும், ஏனென்றால் குழாயை வேலைக்காரர்கள் வைத்திருப்பார்கள். வேர் இழந்த மரத்துக்கு மழையில்லா வாரங்களில் விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் வாரம் சுமார் 15 லிட்டர் என்று கணக்கு வைத்து, 30 செ.மீ. ஆழத்துக்கு நனையும்படி மெதுவாக விடுங்கள். சொட்டுநீர்க் குழாயை வேலி போடும்போதே உள்ளே அமைத்துவிட்டால் நல்லது. வேலிக்குள் 5 முதல் 10 செ.மீ. மூடாக்கு, தண்டைத் தொடாமல். யூரியா போன்ற தழைச்சத்து உரம் அந்த ஆண்டு வேண்டாம். இருக்கும் குறை வேரால் தாங்க முடியாத அளவுக்கு இலையை அது தள்ளிவிடும்.

வேலை முடிந்ததும் முதல் காரியம், பாத்தியை ஒரு கைகொத்தால் கிளறிப் பார்ப்பது. உடைந்த செங்கல், கலவைக் கட்டி, ஜல்லி, கம்பித் துண்டு எல்லாம் ஓர் அங்குல மண்ணுக்குக் கீழே புதைந்திருக்கும். கலவைக் கட்டி உள்ளே இருக்கும்வரை மண்ணின் காரம் குறையாது, கந்தகம் போட்டாலும் வீண். பொறுக்கி முடித்த பிறகு நல்ல நீரை இரண்டு மூன்று முறை ஆழமாகப் பாய்ச்சுங்கள். தளிர் வெளிறியிருந்தால் லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். புதுச் சுவரில் பட்டால் துருக்கறை பிடிக்கும் என்பதால் சுவரை மறைத்துக்கொண்டு. மண்ணில் இடுவதென்றால் இ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பு உரம் கார மண்ணில் நிலைக்காது, இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இறுகிய இடத்தை உழவு போல் கொத்தினால் மிச்சமிருக்கும் வேரும் போகும். 60 செ.மீ.க்கு ஒன்றாக, 5 செ.மீ. அகலம், 30 முதல் 45 செ.மீ. ஆழத்துக்குக் கடப்பாரையாலோ கை ஆகராலோ துளையிட்டு மட்கிய உரத்தால் நிரப்புங்கள். மண் சேறாக இருக்கும்போது இதைச் செய்தால் துளையின் சுவர் வழவழப்பாக இறுகிவிடும். கையில் பிடித்த மண் உதிரும் ஈரப்பதம் வரும்வரை பொறுங்கள். தடித்த வேர் தட்டினால் துளையைத் தள்ளிப் போடலாம்.

புதுக் கட்டடம் வந்தபின் வெயிலும் மாறியிருக்கும். மேற்கு பார்த்த வெள்ளைச் சுவர் திருப்பியடிக்கும் வெப்பத்தில் நிழல்செடிகளின் இலை ஓரம் கருகும். இதுவரை பக்கத்து மரத்தின் நிழலில் இருந்த மெல்லிய பட்டையுள்ள மரம் திடீரென வெயிலுக்கு வந்தால் தண்டில் தென்மேற்குப் பக்கம் வெடிப்பு விடும். முதல் கோடைக்குச் சாக்குச் சுற்றினால் போதும். பழைய படங்களை எடுத்து, அதே நான்கு பக்கத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை படமெடுத்து ஒப்பிடுங்கள், குறைந்தது ஐந்து ஆண்டு. உச்சிக் கிளை இலை உதிர்ப்பதும், தூரை ஒட்டிக் காளான் முளைப்பதும், மரம் ஒரு பக்கம் சாயத் தொடங்குவதும் தெரிந்தால், மரம் அறிந்தவரை அழைத்துக் காட்டும் வரை அதன் கீழே யாரும் உட்காரவோ வண்டி நிறுத்தவோ வேண்டாம்.